பழைய பள்ளி வேனில் காட்டுப் பயணம்: மூன்று வருட அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றி இறக்கிய டீசல் வேன் அது. காட்டுப் பயணங்களில் படுத்துத் தங்குவதற்காக 2022இல் வாங்கினேன். இருக்கைகளுக்கு அடியில் காய்ந்து ஒட்டியிருந்த சூயிங்கத்தைச் சுரண்டவே ஒரு சனிக்கிழமை முழுக்கப் போய்விட்டது. வர்த்தக வண்டியைத் தனியார் வண்டியாக மாற்றவும் இருக்கைகளைக் கழற்றவும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி வாங்கிய பிறகுதான் பலகை வேலையில் கை வைத்தேன். பிளைவுட் கட்டில், சின்ன ஐஸ்பெட்டி, கூரையில் 200 வாட் சோலார் தகடு, 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி. அவ்வளவுதான் நம் வீடு.

"காட்டைப் பார்க்கக் காசு கட்டிப் போறியா?" என்று அப்பா சிரித்தார். நாற்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்.

கனடாவில் வேனோடு காட்டுக்குள் போய்த் தங்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு யாரும் ஏமாற வேண்டாம். இங்கே வண்டி காட்டுக்குள் போகாது. தாமான் நெகாரா என்ற தேசியப் பூங்கா 4,343 சதுர கிலோமீட்டர். ஆனால் அதன் நுழைவாயிலான கோல தஹானில் வேன் கிராமத்துக் கரையிலேயே நின்றுவிடும், தெம்பிலிங் ஆற்றைப் படகில்தான் கடக்க வேண்டும். பேராக்கின் வடக்கிலுள்ள ராயல் பெலும் காட்டுக்கும் பாண்டிங் படகுத்துறையிலிருந்து படகுதான். முதல் பயணத்தில் எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனால் அந்தக் கரையில் படுத்து எழுவதற்குத்தான் வேன் என்பது பாண்டிங்கில் ஒரு விடியற்காலையில் புரிந்தது. தெமெங்கோர் ஏரி பனியில் மறைந்திருந்தது. தலைக்கு மேலே யாரோ ஈரப் போர்வையை உதறுவது போல 'வுஷ், வுஷ்' என்று சத்தம். இருவாச்சிப் பறவை! மலேசியாவின் பத்து வகை இருவாச்சிகளும் அந்தக் காட்டில் உண்டு. நாங்கள் பார்த்தது இரண்டே வகை.

சரி, குறைகள். சோலாரை நம்பிக் கெட்டேன். மர நிழலில் தகடு வெறும் அலங்காரம். கோல தஹானில் இரண்டாம் நாள் இரவு மூன்று மணிக்கு ஐஸ்பெட்டி மூச்சை விட்டது. காலையில் மீன் குழம்பை ஆற்று மீனுக்கே கொடுத்தோம். என்ஜின் ஓடும்போதே பேட்டரி ஏறும் சார்ஜரைப் போட்ட பிறகு அந்தத் தலைவலி இல்லை. முதலில் அதைப் போடுங்கள், தகடு அப்புறம். தகட்டைப் பொருத்திய பட்டறை திருகு ஓட்டைகளைச் சரியாக அடைக்காததால், முதல் மழையிலேயே தலையணை நனைந்தது தனிக்கதை.

தாழ்நிலத்தில் இரவு வெந்து போவோம். மனைவி கொசுவலையைச் சன்னல் அளவுக்கு வெட்டி, ஓரத்தில் காந்தம் வைத்துத் தைத்தாள்; கூடவே ஒரு காற்றாடி. கேமரன் மலையில் இரண்டும் தேவையில்லை, கம்பளி போதும்.

2024 ஜூனில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35 வெள்ளிக்கு ஏறியதும் பயணங்கள் பாதியாகக் குறைந்தன. பெலும் காட்டு வழியே போகும் கிரிக்–ஜெலி சாலையில் பொழுது சாய்ந்தால் ஓட்டுவதில்லை. யானை கடக்கும் பாதை.

வாங்கியதிலேயே உருப்படியான சாமான், பக்கவாட்டில் இழுத்துவிடும் கூடாரத் துணி. போன வருடம் அப்பாவும் பெலுமுக்கு வந்தார். வேனுக்குள் படுக்க மாட்டேன் என்று அந்தத் துணிக்குக் கீழே நாற்காலியைப் போட்டு, காலை நீட்டி, கோப்பியை ஊதிக்கொண்டே சொன்னார்: "லயத்து வீட்டு அஞ்சடித் திண்ணை மாதிரியே இருக்குடா."