ஜன்னல் ஓர உடைசலுக்கு சிமெண்டா, ஜிப்சமா?

பழைய மர ஜன்னலைக் கழற்றி யுபிவிசி (பிளாஸ்டிக்) ஜன்னல் வைத்தால் சுற்றிலும் பூச்சு பெயர்ந்துவிடும். பொள்ளாச்சியில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அரை நாள் வேலைக்குக் கொத்தனார் வரமாட்டேங்கிறார். சரி, நாமே பூசலாம் என்றால் எதைப் பூசுவது, சிமெண்டா, ஜிப்சம் என்கிற பூச்சுப் பொடியா?

செலவு:
சிமெண்ட் சில்லறையாகவே கிடைக்கும், மலிவு.
ஜிப்சம் மூட்டையாக வரும். மிச்சம் ஈரம் பட்டுக் கட்டியாகிவிடும்.

நேரம்:
சிமெண்டுக்கு 7 நாள் தண்ணீர் காட்ட வேண்டும்.
ஜிப்சம் அரை மணிக்குள் இறுகிவிடும், பூசிய பிறகு தண்ணீர் காட்ட வேண்டாம்.
ஆனால் புதிதாகப் பூசுபவருக்கு அந்த அரை மணிதான் வில்லன். முதல் தடவை எனக்கு முக்கால் சட்டி சட்டியிலேயே கல்லாகிப் போனது. கொஞ்சமாகக் கலக்குங்கள். தண்ணீரில்தான் பொடியைத் தூவ வேண்டும். பொடியில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும்.

தாங்குதிறன்:
ஜிப்சத்துக்கு ஈரம் ஆகாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாரலை மேற்குச் சுவரில்தான் அடிக்கும். வெளிப்பக்கம் சிமெண்ட் மட்டுமே: 1 பங்குக்கு 4 பங்கு எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்). உதிர்வதையெல்லாம் தட்டி எடுத்து, சுவரை நனைத்துவிட்டுப் பூசுங்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் இரண்டு தடவையாக.

மெருகு:
சிமெண்டுக்கு மேல் பட்டி (சுவரை வழவழப்பாக்கும் பூச்சு) இரண்டு கோட்.
ஜிப்சம் காய்ந்ததும் நேராக பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிப்பது).

வெளிப்பக்கம், குளியலறை என்றால் சிமெண்ட். வாரக் கடைசியில் முடிக்க வேண்டிய ஹால், படுக்கையறை உள்பக்கத்துக்கு ஜிப்சம். நான் ஒரே ஜன்னலுக்கு வெளியே சிமெண்டும் உள்ளே ஜிப்சமும் பூசினேன்.