14416க்கு ராத்திரி ரெண்டு மணிக்கு போன் போட்டேன்

ரிவ்யூன்னா பிரியாணி கடைக்கு எழுதுறதுதான் நம்ம பழக்கம், இந்த 14416ங்கிற மனநல உதவி நம்பருக்கும் எழுதணும்னு தோணுச்சு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் அப்போ நாங்க வேளச்சேரி பக்கம் கிரவுண்ட் ஃப்ளோர்ல வாடகைக்கு இருந்தோம். 4ஆம் தேதி விடியக்காலைல கரண்ட் இல்ல, செல் டார்ச் அடிச்சு பாத்தா கட்டில் மட்டத்துக்கு தண்ணி, ஃப்ரிட்ஜ் மிதந்து வந்து அம்மா ரூம் கதவுல டொம் டொம்னு இடிச்சிட்டு நிக்குது, கதவு தெறக்கல. அத நகத்தி அம்மாவ மாடிக்கு தூக்கிட்டுப் போறதுக்குள்ள உசுரு போயி உசுரு வந்துச்சு.

தண்ணி வடிஞ்சிருச்சு, வீடும் மாத்தி ரெண்டாவது மாடிக்கு வந்துட்டோம். ஆனா ராத்திரி பக்கத்து வீட்டு டேங்க் நிரம்பி வழிஞ்சா போதும், நான் முழிச்சு கால கீழ வெச்சு தரை ஈரமா இருக்கான்னு தடவிப் பாப்பேன். ரெண்டாவது மாடில! வீட்ல மொதல்ல சிரிச்சாங்க, அப்புறம் சிரிக்கல.

முன்னாடி ஒரு பிரைவேட் கவுன்சிலிங் சென்டருக்கு போனேன், பேரு வேணாம், 45 நிமிஷத்துக்கு 1500 ரூபா. உக்காந்த உடனே "அன்னைக்கு நடந்தத ஒண்ணு விடாம சொல்லுங்க"ன்னாங்க. சொல்லிட்டே வந்து அந்த டொம் டொம் சத்தத்துக்கு வந்ததும் கை நடுங்குது, கரெக்டா அப்போ டைம் முடிஞ்சுது, மீதி அடுத்த வாரமாம், சீரியல் மாதிரி. வெளிய வந்து பைக் எடுக்க தெம்பில்லாம அரை மணி நேரம் படிக்கட்டுலயே உக்காந்திருந்தேன்.

ஆபீஸ் ஃப்ரெண்ட் ஒருத்தன் சொல்லித்தான் 14416 தெரியும். கவர்மெண்ட்டோட டெலி மானஸ், 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, நம்ம ஊர்ல "நட்புடன் உங்களோடு"ம்பாங்க. 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது. என்ன பாஷைன்னு கேட்டுச்சு, தமிழ் அமுக்குனேன், ஒரு அம்மா எடுத்தாங்க. நான் கதைய ஆரம்பிச்சா "அத இப்பவே சொல்லணும்னு இல்லப்பா, தோணும்போது சொல்லுங்க. இப்போ உங்க காலுக்கு கீழ தரை எப்படி இருக்கு?"ன்னாங்க. காஞ்சுதான் இருக்கு, கொஞ்சம் மண்ணு நறநறங்குதுன்னேன். காதுல விழுற மூணு சத்தம் சொல்லச் சொன்னாங்க. ஃபேன், தெரு நாய், அம்மா கொறட்டை. கொஞ்ச நேரத்துல நெஞ்சு படபடப்பு எறங்கிருச்சு.

மொத சில வாரம் தூக்கம் வராம திடுக்குனு முழிக்கிறது நெறைய பேருக்கு இருக்குமாம், தானா கொறஞ்சிருமாம், மாசம் தாண்டியும் விடலன்னாதான் டாக்டர்கிட்ட காட்டணுமாம். எனக்கு மூணு மாசம் ஆயிருந்துச்சு, அதனால ஜிஎச்ல மனநல ஓபிக்கு போகச் சொன்னாங்க, இப்பவும் அங்கதான் போறேன், பரவால்ல. போன்லயே எல்லாம் சரியாயிரும்னு நெனச்சு கூப்பிடாதீங்க, அந்த ராத்திரிய தாண்டவும் அடுத்து எங்க போகணும்னு தெரிஞ்சுக்கவும்தான் அது.

நீயும் ஒரு தடவை பேசுறியாம்மான்னு கேட்டேன், "எனக்கென்னடா பைத்தியமா"ன்னுச்சு. ரெண்டு நாள் கழிச்சு காய் நறுக்கிட்டே, அந்த நம்பர் என்ன சொன்னன்னு கேக்குது.