பறக்கும் வாத்துக்கு 45 மெகாபிக்சலா, 24 மெகாபிக்சலா?

பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், பழவேற்காடு பக்கம் நீர்ப்பறவைகள் பறப்பதைப் படமெடுக்கத்தான் கேமரா என்றால், என் ஓட்டு 45.7 மெகாபிக்சல் நிக்கான் இசட்8-க்கு. எதிரே நிற்பது 24.5 மெகாபிக்சல் இசட்6 மூன்றாம் தலைமுறை (இனி சுருக்கமாக இசட்6). முன்னது 2023-இல் வந்தது, பின்னது 2024-இல். மவுன்ட் (லென்ஸ் மாட்டும் வளையம்) ஒன்று, பேட்டரி ஒன்று, தூரத்துப் பறவையை இழுத்துக் காட்டும் 180-600 மி.மீ. ஜூம் லென்ஸ் இரண்டிலும் அப்படியே பொருந்தும். பறவையின் கண்ணைத் தேடிப் பிடிப்பது, நொடிக்கு 20 ரா (கேமரா பதப்படுத்தாத மூலப்) படம் எடுப்பது, இரண்டும் இரண்டிலும் உண்டு. எடை 910 கிராமும் 760 கிராமும். இரண்டு கிலோ லென்ஸை மாட்டிய பிறகு அந்த வித்தியாசம் கைக்குத் தெரியாது. விலையில் மட்டும் இசட்6 நன்றாகவே குறைவு.

முதலில் முடிவு செய்ய வேண்டியது இதுதான்: பறவையைச் சுற்றி எவ்வளவு இடம் விட்டு எடுக்க முடியும்?

ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் நாமக்கோழி மாதிரி தண்ணீர்மேல் ஓடி எழும்புவதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே செங்குத்தாகத் துள்ளும். பக்கவாட்டில் பறக்கும் பறவையை லென்ஸைத் திருப்பித் தொடரலாம். மேல்நோக்கித் துள்ளும் வாத்தை ஃப்ரேமுக்குள் வைத்திருக்க, தலைக்கு மேலே முன்கூட்டியே இடம் விட்டிருக்க வேண்டும். விடாவிட்டால் தலையும் இறக்கை நுனியும் வெட்டுப்பட்ட படங்களே வரிசையாகக் கிடைக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாத்து 60 மீட்டர் தள்ளி இருக்கிறது. லென்ஸ் 600 மி.மீ.-இல் இருந்தால் ஃப்ரேமுக்குள் அடங்குவது 3.6 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம். ஊசிவால் வாத்து இறக்கை விரித்தால் 90 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், இசட்6-இல் அது சுமார் 1,500 பிக்சல் நீளம் வரும். அதே 1,500 பிக்சல் இசட்8-இல் 440 மி.மீ.-இலேயே கிடைத்துவிடும். ஆனால் அங்கே ஃப்ரேம் 4.9 மீட்டர் அகலம், 3.3 மீட்டர் உயரம். பறவையில் அதே நுணுக்கம், தலைக்கு மேலே கிட்டத்தட்ட ஒரு மீட்டர் கூடுதல் இடம். துள்ளி எழும் வாத்துக்கு அந்த ஒரு மீட்டர்தான் எல்லாம். டிஎக்ஸ் அளவுக்கு (ஃப்ரேமின் நடுப்பகுதி மட்டும்) வெட்டினாலும் இசட்8-இல் 19 மெகாபிக்சல் மிஞ்சும். இசட்6-இல் 10-தான் மிஞ்சும்.

கிட்டே போய் எடுத்தால் ஆகாதா என்றால், ஆகாது. பள்ளிக்கரணையில் ரேடியல் சாலை ஓரத்திலிருந்து சேற்றுக்குள் இறங்க முடியாது, இறங்கவும் கூடாது. தூரத்தைப் பறவைதான் தீர்மானிக்கிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. 440-இல் எடுத்து வெட்டும்போது, பறவையிலிருந்து கேமராவில் சேரும் வெளிச்சம் 600-இல் எடுப்பதைவிட முக்கால் ஸ்டாப் அளவு குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). விடியலில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 6,400-ஐத் தாண்டும்போது அது கழுத்தடி நிழலில் புள்ளிப் புள்ளியாகத் தெரியும். கை பழகியவர் இசட்6-ஐ 600-இல் வைத்து ஃப்ரேம் தவறாமல் எடுத்தால், அந்த அரை மணி நேரம் அவர் படமே சுத்தமாக இருக்கும்.

இசட்8-க்குச் சாதகமான இரண்டாவது விஷயம், சென்சாரை (படம் பதியும் சில்லு) வரிவரியாகப் படித்து முடிக்கும் வேகம். இசட்8-இல் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது. சென்சார் முழுவதையும் சுமார் 1/270 நொடியில் படித்துவிடுவதால் அடிக்கும் இறக்கை வளைந்து விழுவதில்லை. இசட்6-க்கு ஏறக்குறைய 1/70 நொடி தேவை. சிறிய வாத்துகளின் வேகமான இறக்கையடிப்பில் நுனி சில சமயம் வளைந்து தெரியும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறினால் சரியாகிவிடும். வேகம் நொடிக்கு 14 படமாக இறங்கும். அதுவும் போதுமான வேகம்தான்.

பிக்சல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்பதும் இதனால்தான். 61 மெகாபிக்சல் சோனி ஏ7ஆர்5-இல் எலக்ட்ரானிக் ஷட்டர் ஒரு படத்தைப் படிக்க 1/10 நொடி பக்கம் எடுக்கும். பறவை பறக்கும்போது அதைத் தொடவே கூடாது, மெக்கானிக்கல்தான். ஆகவே மேலே சொன்னதை உயர் மெகாபிக்சல் கேமரா எல்லாவற்றுக்கும் நான் நீட்ட மாட்டேன்.

செட்டிங்: ஷட்டர் 1/3200 நொடி. மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் போகும் வாத்து அந்த நேரத்தில் 6 மி.மீ. நகரும். லென்ஸ் அசையாமல் நின்றால், அதே 60 மீட்டரில், 600-இல் அது இசட்8-இன் 14 பிக்சல். கூடவே திருப்பினால் உடல் தெளிந்துவிடும், இறக்கை நுனிக்குத்தான் அந்த ஷட்டர் வேகம். லென்ஸின் ஃபோகஸ் லிமிட்டரை 6 மீட்டருக்கு மேல் என்று வையுங்கள். இல்லையென்றால் குறி தவறும் ஒவ்வொரு முறையும் லென்ஸ் கிட்டத்து ஃபோகஸ் வரை போய்த் திரும்பும், அதற்குள் பறவை போயிருக்கும். பின்னணி கோரையிலிருந்து வானத்துக்கு மாறுவதால் ஆட்டோ ஐஎஸ்ஓ பறவையைக் கறுப்பாக்கிவிடும். ஐஎஸ்ஓவையும் கையாலேயே வையுங்கள். வாத்து காற்றை எதிர்த்தே எழும்பும். பள்ளிக்கரணையில் சாலைக்குத் தெற்கே உள்ள சதுப்பில் என்றால், வாடை வீசும் காலையில் சாலைப் பக்கம் நிற்பவரை நோக்கியே எழும்.

இசட்8 வாங்குவோர் தவறுவது கார்டில். லாஸ்லெஸ் (தரம் குறையாமல் சுருக்கிய) ரா ஒன்று 50 எம்பியைத் தாண்டும். காலையில் 3,000 படம் என்றால் 150 ஜிபி. இன்னும் இறுக்கிச் சுருக்கும் ஹை எஃபிஷியன்சி ஸ்டார் முறையை வைத்தால் பெருமளவு குறையும், பறவை இறகில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். எஸ்டி கார்டை பேக்கப்பாக வைத்தால் வேகமான சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டும் அதன் வேகத்துக்கு இறங்கி, பறவை எழும் நேரம் பஃபர் (கார்டில் எழுதும் வரை படங்கள் காத்திருக்கும் தற்காலிக நினைவகம்) நிரம்பி கேமரா நின்றுவிடும். ரா முழுவதும் சிஎஃப்எக்ஸ்பிரஸில் மட்டும் போகட்டும்.

இனி இசட்6 போதுமான இடங்கள். வேடந்தாங்கலில் கரையிலிருந்தே கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் நிதானமாக, பெரிதாகக் கடக்கும். 24 மெகாபிக்சல் தாராளம். பழவேற்காட்டுப் பூநாரைக் கூட்டத்தை அகலமாக எடுப்பதானாலும் அப்படியே. வெயில் ஏறி, தண்ணீர்மேல் கானல் ஆடத் தொடங்கிய பிறகு வருகிறவருக்கும் இசட்6-ஐயே சொல்வேன். கானலில் கலங்கிய இறகை 45 மெகாபிக்சல் இன்னும் பெரிய கலங்கலாகத்தான் காட்டும். மிச்சமாகும் பணத்தை 180-600 லென்ஸுக்கும், அதைப் பூஞ்சையிலிருந்து காக்க ஒரு டிரை கேபினட்டுக்கும் (ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிற்கட்டும்.