கம்ப்ரஸர் டேங்க் ஸ்மோக்கரும் அதன் கதவும்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

குடியாத்தத்தில் இருக்கும் நண்பன் போன வாரம் போன் செய்தான். "மச்சான், இங்க ஒரு பஞ்சர் கடைய காலி பண்றாங்க. பழைய ஏர் டேங்க் எடைக்குக் கிடைக்குது. உன்னுது மாதிரியே ஒண்ணு பண்ணிடட்டா?" கேட்ட நேரம் சரியில்லை. கறியைப் புகையில் வேகவைக்கும் என் ஸ்மோக்கர் அப்போதுதான் ரிப்பேர் முடிந்து காட்பாடியில் வீட்டுத் தோட்டத்துக்குத் திரும்பியிருந்தது. கதவிடுக்கில் கசிந்த புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே அவனிடம் பேசினேன். அதனால் இதில் கொஞ்சம் எரிச்சல் கலந்திருக்கும், கழித்துவிட்டுப் படியுங்கள்.

தணலுக்கு நேர் மேலே சுடுவதற்கும், பக்கத்துப் பெட்டியில் விறகை எரித்து அதன் சூட்டையும் புகையையும் மட்டும் கறிக்கு அனுப்புவதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன். என்னுடையது 220 லிட்டர் கம்ப்ரஸர் டேங்க், 4 மி.மீ. தகடு. ஒரு முனையில் 16 அங்குலச் சதுரத்தில் விறகு எரியும் தீப்பெட்டி, மறுமுனையில் புகைபோக்கி. நாலு ஆள் இல்லாமல் நகராது. தெருப் பையன்கள் இதற்கு வைத்த பெயர் பீரங்கி.

கதவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். காற்றை அழுத்தி அடைத்து வைப்பதற்காகச் செய்த டேங்க் இது. தட்டைத் தகட்டை உருளைகளுக்கு நடுவே விட்டு வளைத்து, விளிம்புகளை இழுத்துப் பிடித்து வெல்டு வைத்திருப்பார்கள். வெளியே அமைதியாகத் தெரிந்தாலும் இரும்புக்குள் அந்த இழுவிசை அடங்கியேதான் கிடக்கும். நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்ததும் அது அவிழும். வெட்டிய துண்டு ஒரு வளைவுக்குப் போகும், டேங்கின் வாய் இன்னொரு வளைவுக்குப் போகும். கேஸ் கட்டிங்கில் வெட்டினால் அந்தச் சூட்டில் இன்னும் கோணிக்கொள்ளும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கீல் வரும் பக்கத்தை முதலில் அறுத்து, கீல்களை வெல்டு வைத்துவிட வேண்டும். கதவைச் சுற்றி வரும் இரும்புப் பட்டாவையும் துண்டு டேங்கில் இருக்கும்போதே டேக், அதாவது அங்கங்கே புள்ளி வெல்டு, வைத்துவிட வேண்டும். மற்ற மூன்று பக்கத்தையும் கிரைண்டரில் மெல்லிய வீல் போட்டு அறுக்கலாம். மூலைகளை மட்டும் கடைசிவரை விட்டு வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் கதவு எங்கும் ஓடிவிடாது. பட்டறையில் இதைத் தாளில் வரைந்தே கொடுத்தேன். "இன்னாண்ணா, எவ்ளோ பெரிய கேட்டெல்லாம் பண்ணிக்கீறோம், இது ஒரு கதவாண்ணா?" என்று சிரித்தார் வெல்டர். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் கதவு தனியாகத் தரையில் கிடந்தது. கீல்கள் பெஞ்சில் இருந்தன.

விளைவு, தீப்பெட்டிப் பக்கத்து மேல் மூலையில் மூன்று ஒரு ரூபாய் நாணயத்தை அடுக்கி நுழைக்கும் அளவுக்கு ஒரு இடைவெளி. கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். ஆனால் சூடான புகை மேலே ஏறித்தானே போகும்? பெட்டியிலிருந்து வந்ததும் முதலில் தட்டுப்படும் சந்து அதுதான். கறியைத் தாண்டிப் புகைபோக்கிக்குப் போக வேண்டியதில் ஒரு பங்கு வாசலிலேயே வெளியேறிவிடும். உள்ளே 120 டிகிரியைப் பிடித்து வைக்க அதிக விறகு போட வேண்டும். அதிக விறகு போட்டால் அதிகப் புகை, அதுவும் அதே மூலை வழியாகவே மாடி வீட்டு அக்கா துணி காயப்போடும் கொடிக்குப் போகும். கதவு குளிர்ந்திருக்கும்போது சுத்தியலால் தட்டிச் சரி செய்தால், சூடேறியதும் வேறு இடத்தில் வாயைத் திறக்கும்.

அப்புறம் நடந்ததுதான் எதிர்பாராதது. மாதங்கள் போகப் போகக் கசிவு தானாகவே குறைந்தது. விறகுப் புகையின் தாரும் ஆட்டுக் கொழுப்பும் சேர்ந்து அந்த இடுக்கில் படிந்து, சூட்டில் இறுகி, கதவின் வடிவத்துக்கே ஒரு கறுப்பு வாஷராக மாறிவிட்டன. காசு கொடுத்தாலும் இந்த அளவுக்குப் பொருந்தும் வாஷர் கிடைக்காது. ஒரு கட்டத்தில் புகை முழுக்கப் புகைபோக்கி வழியாகவே, மெல்லிசாக, நீலமாகப் போனது. அக்காவும் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

இந்த நிலையில்தான் தீப்பெட்டியின் அடித்தகடு ஓட்டையானது. அதற்கு வடகிழக்குப் பருவமழையைக் குறை சொல்ல வேண்டும். சாம்பல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதில் இருக்கும் உப்பு இரும்பை அரிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தார்ப்பாய் போட்டு மூடினாலும் பக்கவாட்டில் சாரல் அடிக்கும். 3 மி.மீ. தகடு எத்தனை வருடம் தாங்கும்? இந்த முறை வேறொரு பட்டறையில் 6 மி.மீ. அடித்தகடு போட்டு, சாம்பல் தகட்டில் படாமல் நிற்க ஒரு தட்டும் வைத்துக் கொடுத்தார்கள். வெல்டு சுத்தம், கூலி நியாயம், சொன்ன நாளில் கைக்கு வந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் அங்கே வேலை பழகும் தம்பி ஒருவன், நான் கேட்காமலேயே, கம்பி பிரஷ் மாட்டிய கிரைண்டரை எடுத்து டேங்கின் வாயையும் கதவின் உள்விளிம்பையும் இரும்பு மின்னும்வரை தேய்த்துவிட்டான். "அண்ணா, ஒரே அழுக்குண்ணா, சூப்பரா கிளீன் பண்ட்டேன் பாரு." முகமெல்லாம் பெருமை. அவனைத் திட்டவும் முடியாது. ஒழுங்கான வேலைக்காரன் செய்யும் வேலையைத்தான் செய்திருக்கிறான். கையில் டீக்காசு கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். அன்றைக்குச் சாயங்காலமே மூன்று நாணய இடைவெளி திரும்பி வந்துவிட்டது. மாடியிலிருந்து அக்காவின் குரலும் வந்தது.

இடுக்கை அடைக்கக் கயிறு போடலாமே என்பீர்கள். போட்டேன். ஹார்ட்வேர் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது கல்நார்க் கயிறு. பாய்லருக்கு எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய்வரை கொண்டுபோய் விடும், சாப்பாடு வேகும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை. கண்ணாடி இழைக் கயிறு கேட்டு வாங்கி, சூடு தாங்கும் சிலிகான் பசை வைத்து ஒட்டினேன். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது. பிறகு கதவு அழுத்தி அழுத்திக் கயிறு தட்டையாகிவிட்டது, அந்த மூலையில் மட்டும் பிய்ந்து தொங்குகிறது. ஆட்டுக் கொழுப்பு செய்த வேலையைக் கண்ணாடி இழையால் செய்ய முடியவில்லை.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். தடித்த தகட்டின் அருமை தீ மூட்டிய பிறகுதான் தெரியும். சூடேற முக்கால் மணி நேரம் எடுக்கும். ஏறிவிட்டால், கதவைத் திறந்து கறியைத் திருப்பிப் போட்டு மூடினாலும் சூடு காட்டும் முள் சீக்கிரமே பழைய இடத்துக்கு வந்துவிடும். கத்திரி வெயிலில் இன்னொரு வேடிக்கை: தீக்குச்சி கிழிப்பதற்கு முன்பே முள் 50ஐத் தாண்டி நிற்கும். வேலூர் வெயில் விறகை மிச்சம் பிடித்துத் தருவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

விறகுக்கும் அலைய வேண்டியதில்லை. பாலாற்றுப் படுகையெல்லாம் மண்டிக் கிடக்கும் வேலிக்காத்தான், அதாவது சீமைக்கருவேலம், டெக்சாஸ்காரர்கள் புகைக்கறிக்குப் போடும் மெஸ்கீட் மரத்துக்கு நெருங்கிய சொந்தம். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று நாம் நீதிமன்றம்வரை இழுத்த மரத்துக்கு, என் தோட்டத்தில் மட்டும் ராஜ மரியாதை. பச்சையாகப் போட்டால் வெள்ளைப் புகை மூச்சை அடைக்கும், கறி கசக்கும். நன்றாகக் காயவிட்டு, மணிக்கட்டு மொத்தத்துக்குப் பிளந்து, ஒன்றொன்றாகப் போட வேண்டும். கொய்யாக் கட்டை கிடைத்தால் கோழிக்கு அது இன்னும் மென்மை. வேம்பும் தைல மரமும் பக்கத்திலேயே வரக்கூடாது.

ஆட்டில் முன்சப்பை வாங்குங்கள். நம் வெள்ளாட்டில் கொழுப்பு குறைவு, பின்தொடை காய்ந்துவிடும். ஆம்பூர் பிரியாணிக்குச் செய்வதுபோல் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்து, பூண்டும் உப்பும் சேர்த்து ராத்திரியே தடவி வைத்துவிடுவேன். கறியின் உள்சூடு 65, 70 டிகிரி வந்ததும் அது மணிக்கணக்கில் அசையாது. கறியிலிருந்து ஆவியாகும் ஈரம், ஏறும் சூட்டையெல்லாம் தின்றுவிடுவதால்தான் இப்படி. பதறி விறகைக் கொட்டாமல், அந்த நேரத்தில் வாழையிலையில் இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே வைத்தால் 90க்கு மேல் போய் சவ்வெல்லாம் கரைந்து, எலும்பு கையோடு வந்துவிடும். கோழிக்கு 150 வேண்டும், இல்லாவிட்டால் தோல் ரப்பர். கடையில் தோலோடு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நம் ஊர்க்காரர்கள் கேட்காமலேயே உரித்துவிடுவார்கள்.

ஆனால் இந்த இரும்பை இன்னும் எடைக்குப் போடாமல் இருப்பதற்குக் காரணம் கறி அல்ல, கத்தரிக்காய். அதுவும் 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் இலவம்பாடி முள் கத்தரிக்காய். ஒருநாள் தட்டில் இடம் காலியாக இருக்கிறதே என்று எண்ணெய் தடவி, நாலாகக் கீறி, புகைபோக்கி ஓரமாக வைத்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து எடுத்தால் உள்ளே வெண்ணெய்ப் பதம், காம்புவரை புகை வாசம். அதைப் புளி, எள், வேர்க்கடலை சேர்த்துப் பிரியாணித் தொக்காக அம்மா வதக்கினார். அடுப்பில் நேராகச் சுட்ட கத்தரிக்காயில் தோல் கருகிய வாசம்தான் தூக்கலாக வரும். இதில் அந்தக் கருகல் இல்லை, புகை மட்டும் காயின் இனிப்போடு நிற்கிறது. கறிக்கு "ம், நல்லாருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்ளும் அம்மா, கத்தரிக்காய்க்காக மட்டும் "பீரங்கிய எப்ப பத்த வைக்கிற?" என்று கேட்கிறார். சீரக சம்பா பிரியாணியோடு இதைத் தின்ற பிறகு, பிரியாணிக் கடையில் தரும் தொக்கைத் தொட எனக்கு மனம் வருவதில்லை.

இத்தனை சொன்ன பிறகும் என் தீர்ப்பு: டேங்கில் செய்யாதீர்கள். சமையல் எண்ணெய் வந்த 200 லிட்டர் டிரம், கிளாம்ப் வளையத்தோடு மூடி உள்ளதாகப் பார்த்து வாங்கி, நிமிர்த்தி வைத்து, அடியில் தணலும் மேலே கம்பித் தட்டுமாகப் போட்டுக்கொள்ளுங்கள். தகடு மெலிசு, சில மழைக்காலம்தான் தாங்கும், காற்றடித்தால் சூடு இறங்கும். என்னுடையதில் வரும் கறியின் ருசியில் முக்கால் பங்குதான் தேறும். ஆனால் தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்த மூடி. வெட்ட வேண்டிய கதவு இல்லை.

கேட்காமல் டேங்கைத்தான் வாங்குவீர்கள் என்றால் சில விஷயம். சமையல் கேஸ் சிலிண்டரை வெட்டும் யோசனையே வேண்டாம். அது எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, உள்ளே மிச்ச வாயு இருந்தால் வெட்டுகிறவர் உயிருக்கே ஆபத்து. ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கம் பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கும் டிரம்களில் தோல் பதனிடும் ரசாயனம் வந்திருக்கலாம். உள்ளே என்ன இருந்தது என்று கடைக்காரரால் சொல்ல முடியாவிட்டால் தொடாதீர்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடோ கம்பியோ தீப்பெட்டியில் கூடாது, சூட்டில் அதன் புகை நஞ்சு. கம்ப்ரஸர் டேங்கின் உள்ளே எண்ணெயும் துருவும் கலந்த சேறு இருக்கும். வால்வு, அடிப்பிளக் எல்லாவற்றையும் கழற்றி, சோப்புத் தண்ணீரில் பலமுறை அலசி, வெட்டும்போதும் தண்ணீர் நிரப்பி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கதவு வைத்த பிறகு பெரிய தீயாகப் போட்டு அரை நாள் எரித்துவிட்டு, உள்பக்கம் கடலை எண்ணெய் பூசி மறுபடி காயவிடுங்கள். உள்ளே பெயிண்ட் கூடாது.

கீலில் பின்னை உருவி எடுக்கும் மாதிரியாக வையுங்கள். பிறகு எந்த ரிப்பேருக்குப் பட்டறைக்கு அனுப்பினாலும், கதவைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு அனுப்புங்கள்.