மூன்று கணினி, மூன்று விண்டோ புத்தி

பாளையங்கோட்டையில் எங்களுடையது சின்ன டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை (திருவிழா) நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இவ்வளவுதான் வேலை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தபோது, கடையில் இருந்த பழைய கணினி ஆறாம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 11 அதை ஏற்காது. அதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டோம். டிசைன் செய்கிற கோரல் டிரா லினக்ஸில் ஓடாது என்பதால் விண்டோஸ் 11 உள்ள புதுக் கணினி ஒன்றும் வாங்கவேண்டி வந்தது. வீட்டில் ராத்திரி வேலை பார்க்க நான் செகண்ட் ஹேண்டில் ஒரு மேக் எடுத்தேன். ஆக, ஒரே நாளில் மூன்றிலும் கை வைக்கிறேன்.

திரையில் திறக்கும் பெட்டிகளை, அதாவது விண்டோக்களை, எது எப்படிக் கையாள்கிறது என்று பார்க்க மூன்றுக்கும் ஒரே சோதனைதான். கொடை நோட்டீஸுக்கான மேட்டரை யாரும் டைப் செய்து தருவதில்லை. நோட்டுத் தாளில் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். மூன்று நாள் நிகழ்ச்சி, அதற்குக் கீழே வரிதாரர் (கொடைக்கு வரி கொடுப்பவர்கள்) பெயர்கள் ஒரு பக்கத்துக்கு. போட்டோ ஒரு விண்டோவில், லேஅவுட் இன்னொன்றில். பார்த்துப் பார்த்து அடிக்கவேண்டும்.

மூடுகிற பட்டன் மேக்கில் இடப்பக்கம், மற்ற இரண்டிலும் வலப்பக்கம். எல்லோரும் முதலில் இதைத்தான் குறை சொல்வார்கள். எனக்கு நாலு நாளில் பழகிவிட்டது. பழகாதது வேறு. விண்டோஸில் விண்டோவை மூடினால் பெரும்பாலும் புரோகிராமே மூடிவிடும் (சில மட்டும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் போய்ப் பதுங்கும்). மின்ட்டும் கிட்டத்தட்ட அப்படியே. மேக்கில் விண்டோ வேறு, புரோகிராம் வேறு. சிவப்பு வட்டத்தை அழுத்தினால் விண்டோதான் போகும், புரோகிராம் உயிரோடு இருக்கும். கடையில் என்னோடு வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருநாள் வீட்டுக்கு வந்து மேக்கில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்து, "எல்லாத்தையும் சாத்திட்டேம்லா தம்பி, பொறவு ஏன் இழுக்குது?" என்றார். திரைக்குக் கீழே புரோகிராம் படங்கள் வரிசையாக நிற்கும் டாக்கைக் காட்டினேன். ஒன்பது படங்களுக்கு அடியில் ஒன்பது புள்ளி. புள்ளி இருந்தால் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முழுசாக மூட கமாண்ட்-க்யூ அடிக்கவேண்டும். சரி, சட்டம் புரிந்துவிட்டது என்று நினைத்தால், கால்குலேட்டர் மாதிரி ஒரே விண்டோ உள்ளவை சிவப்பிலேயே மொத்தமாக மூடிக்கொள்ளும்!

ஆல்ட்-டேப்பிலும் இதே கதைதான். விண்டோஸிலும் மின்ட்டிலும் அது விண்டோவுக்கு விண்டோ தாவும். மேக்கின் கமாண்ட்-டேப் புரோகிராமுக்குப் புரோகிராம்தான் தாவும். ஒரே புரோகிராமில் இரண்டு நோட்டீஸ் திறந்திருந்தால், டேப்புக்கு மேலே உள்ள பட்டனை கமாண்டோடு சேர்த்து அழுத்தவேண்டும். திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தை நினைத்துக்கொண்ட பிறகுதான் இது என் தலையில் ஏறியது. மேல் தட்டில் புரோகிராம்கள், கீழ்த்தட்டில் அவற்றின் விண்டோக்கள். எந்தத் தட்டில் போகிறோம் என்று ஏறும்போதே முடிவு செய்துவிட வேண்டும். இதோடு ஒரு வில்லங்கமும் உண்டு: மஞ்சள் வட்டத்தை அழுத்திச் சுருக்கிய விண்டோ, கமாண்ட்-டேப் போட்டாலும் தானாக எழுந்து வராது.

மெனுவும் மேக்கில் திரையின் உச்சியில் ஒன்றே ஒன்று. எந்த விண்டோ முன்னால் நிற்கிறதோ அதன் மெனு அது. நோட்டீஸ்தான் முன்னால் இருக்கிறது என்று நினைத்து பிரிண்ட் கொடுத்தேன். ஆர்ட் பேப்பரில் வாடிக்கையாளரின் நோட்டுத் தாள் போட்டோ பளபளவென்று வந்து விழுந்தது. தப்பு என்னுடையதுதான். ஆனால் ஒவ்வொரு விண்டோவுக்கும் தனி மெனு இருக்கும் இடத்தில் அந்தத் தப்பு வந்திருக்காது.

இரண்டு விண்டோவைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவதில் விண்டோஸை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. 2009-ல் விண்டோஸ் 7 வந்தபோதே ஓரத்துக்கு இழுத்தால் பாதித் திரையில் ஒட்டிக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. விண்டோஸ் 11-ல் பெரிதாக்கும் பட்டன்மேல் மவுஸை வைத்தாலே, எப்படிப் பிரிக்கலாம் என்று கட்டம் போட்டுக் காட்டுகிறது. மின்ட்டில் இழுத்தாலும் ஒட்டும், விண்டோஸ் பட்டனோடு அம்புக்குறி அடித்தாலும் ஒட்டும். மேக்குக்கு இந்த ஒட்டுகிற புத்தி 2024-ல் செக்கோயா பதிப்போடுதான் வந்தது. அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருப்பவர்கள் ரெக்டாங்கிள் என்ற இலவசச் செயலியைப் போட்டுக்கொள்ளலாம். பச்சை வட்டத்தை அழுத்தினால் பெரிதாகும் என்று எதிர்பார்க்காதீர்கள், அது விண்டோவைத் தனித் திரைக்கே கொண்டுபோய்விடும். ஆப்ஷன் பட்டனை அழுத்திக்கொண்டு பச்சையைத் தொட்டால் நாம் நினைத்தது நடக்கும்.

ஆனால் என் சோதனைக்குப் பாதிப் பாதியாகப் பிரிப்பது சரிப்படாது. லேஅவுட்டுக்கு முழுத் திரையும் வேண்டும், மூலையில் போட்டோ சின்னதாக மிதக்கவேண்டும். மின்ட்டில் விண்டோவின் தலைப்புப் பட்டையில் ரைட் கிளிக் செய்து 'எப்போதும் மேலே' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். போட்டோ மறைத்தால் ஆல்ட்டை அழுத்தி, விண்டோவின் எந்த இடத்தைப் பிடித்தும் நகர்த்தலாம். தலைப்புப் பட்டையைத் தேடவேண்டியதில்லை. விண்டோஸில் இதற்கு மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற செயலியைத் தனியாக நிறுவவேண்டும். பிறகு விண்டோஸ், கண்ட்ரோல், டி (T) மூன்றையும் சேர்த்து அடித்தால் விண்டோ மேலே நிற்கும். மேக்கில் எல்லா விண்டோவுக்கும் பொருந்தும்படி இப்படி ஒரு வசதி கூடவே வருவதில்லை. வரிதாரர் பெயர் அடிக்கிறவனுக்கு இது பெரிய குறை.

தமிழில் அடிப்பவர்கள் கவனிக்கவேண்டியது இன்னொன்று. விண்டோஸ் 7 வரை ஒவ்வொரு விண்டோவும் தன் விசைப்பலகை மொழியைத் தனியே நினைவில் வைத்திருந்தது. விண்டோஸ் 8-லிருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மொழி. லேஅவுட்டில் தமிழ்99 விசைப்பலகையில் அடித்துவிட்டு, கோப்புக்கு ஆங்கிலத்தில் பெயர் வைக்கப் போனால் 'டுபு' என்று ஏதாவது விழும். பழைய வழக்கம் வேண்டுமென்றால் அமைப்புகளில், விசைப்பலகைக்கான மேம்பட்ட பகுதியில் திருப்பிக்கொள்ளலாம். மேக்கிலும் மின்ட்டிலும் இதே மாதிரித் தேர்வு விசைப்பலகை அமைப்பில் இருக்கிறது. கணினி மாறியவுடன் முதலில் இதை மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

இப்போது கடையில் கொடை நோட்டீஸ் மேட்டர் எல்லாம் மின்ட்டில் அடித்து, கோரலுக்கு மட்டும் விண்டோஸுக்குக் கொண்டுபோகிறோம். மேக் வீட்டில் இருக்கிறது. திரை அழகு, எழுத்து கண்ணுக்கு இதம், ராத்திரிப் பிழைதிருத்தத்துக்கு அதுதான். அண்ணாச்சி மட்டும் இப்போது விண்டோஸிலும் மூடுவதற்கு முன்னால் கீழே குனிந்து புள்ளி இருக்கிறதா என்று பார்க்கிறார்.