நோட்டீஸில் ஏணி, மைதானத்தில் மாஸ்டர்: மதுரைக் கால்பந்துப் பயிற்சி மையம் ஒன்றில் பதினைந்து மாதங்கள்

சென்ற ஆண்டு ஏப்ரலில் எங்கள் தெருவின் கேட்டுகளில் எல்லாம் செருகப்பட்டிருந்த வழவழப்பான நோட்டீஸைப் பார்த்துத்தான், அப்போது எட்டாம் வகுப்புக்குப் போகவிருந்த என் மகனை அந்தக் கால்பந்துப் பயிற்சி மையத்தில் சேர்த்தேன். நோட்டீஸில் ஓர் ஏணி வரையப்பட்டிருந்தது. கீழ்ப்படியில் பள்ளி, அடுத்ததில் கிளப், அதற்கு மேல் அமெரிக்கக் கல்லூரி, உச்சிப்படியில் தொழில்முறை ஆட்டம் என்று எழுதியிருந்தார்கள். மையத்தின் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. அங்கே பயிற்சி தரும் மாஸ்டரின் பிழைப்பில் மண் விழக் கூடாது என்பதே காரணம்.

அங்கே விற்கப்படுபவை இரண்டு. மாதம் 2,500 ரூபாய்க்கு வாரம் நான்கு நாள் பயிற்சி என்பது ஒன்று. ஆண்டுக்கு 18,000 ரூபாய்க்கு 'பாத்வே திட்டம்' என்பது மற்றொன்று. பதிவு, போட்டிகள், சான்றிதழ், கல்லூரி வழிகாட்டுதல் எல்லாம் இதில் அடக்கம் என்றார்கள். நான் இரண்டையும் வாங்கினேன். முதலாவது கொடுத்த காசுக்குத் தகும். இரண்டாவது தகாது.

தகுவதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாஸ்டருக்கு வயது முப்பதை ஒட்டி இருக்கும், அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பயிற்சியாளர் உரிமம் வைத்திருக்கிறார், கத்துவதில்லை. முதல் மாதம் முழுவதும் அவர் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. பந்து காலுக்கு வந்து சேருமுன் தோளுக்குப் பின்னால் ஒரு முறை திரும்பிப் பார்க்க வேண்டும். பந்தை வாங்கப் போகும் பையனுக்குப் பின்னால் நின்றுகொண்டு மாஸ்டர் விரல்களை உயர்த்திக் காட்டுவார். பந்து பையனின் காலைத் தொடும் அதே கணத்தில் 'எத்தனை?' என்று கேட்பார். திரும்பிப் பார்த்தவன் 'மூணு' என்பான், பார்க்காதவன் விழிப்பான். விழித்தவன் ஓட வேண்டியதில்லை, தண்டால் எடுக்க வேண்டியதில்லை, வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி வர வேண்டும், அவ்வளவுதான். ஆறு வாரத்தில் என் மகன் சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் செம்பை வாங்கும்போதுகூடத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டான் என்று அவன் அம்மா சொல்லிச் சிரித்தாள்.

சிறுவர்களுக்குப் பெரிய பந்தைக் கொடுத்து முழு மைதானத்தில் விரட்டும் பழக்கம் அங்கே இல்லை. பன்னிரண்டு வயது வரை நான்காம் எண் பந்து, ஐவருக்கு ஐவர் அல்லது எழுவருக்கு எழுவர் ஆட்டம், அதற்கேற்ற சிறிய கோல் கம்பம். சேர்க்கையின்போது அசல் பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்ததையும் பாராட்டியே ஆக வேண்டும். வயதைக் குறைத்துக் காட்டும் வேலை இந்த ஆட்டத்தில் பழைய நோய். அதனால்தான் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் இளையோர் போட்டிகளில் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணக்கிடுகிறது. அங்கே பிடிபட்டால் பையனின் பெயர்தான் கெடும், வயதைத் திருத்திக் கொடுத்தவர் பெயர் எங்கும் வராது.

குறைகளும் உண்டு. மாலை ஆறு மணி வகுப்பில் முப்பத்து நான்கு பேர். மாஸ்டரும் ஓர் உதவியாளரும்தான். செயற்கைப் புல்லின் கறுப்பு ரப்பர்த் துகள் சாக்ஸுக்குள் ஏறி வீட்டுக் குளியலறை வரை வருகிறது. சித்திரை, வைகாசியில் அந்தத் தரை மாலையிலும் அனல் கக்குவதால் ஐந்து மணி வகுப்பைத் தவிர்ப்பது நல்லது. இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவையே.

பொறுக்க முடியாமல் போனது ஆடி மாதத்தில். என் மகன் படிக்கும் பள்ளி, சுற்றுவட்டாரப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டிக்கு அணி எடுத்தது. அவனும் அதில் இருந்தான். மையத்தின் நிர்வாகியோ, பாத்வே திட்டத்தில் இருக்கும் பையன்கள் பள்ளி அணிக்கு ஆடினால் காயம்படும் என்றும், அதே வாரம் வெளியூரில் தாங்கள் அழைத்துச் செல்லும் 'நேஷனல்' போட்டிக்கு வர வேண்டும் என்றும், அதற்கு நுழைவுக் கட்டணமும் பயணச் செலவும் தனி என்றும் சொன்னார். பள்ளியின் பி.டி. சார் எனக்குத் தொலைபேசியில், 'சார், மூணே மேட்ச்தான், தம்பிய அனுப்பி வைங்க' என்று கேட்டார். நான் நிர்வாகியின் பேச்சைக் கேட்டேன். அந்த முடிவுக்காக இன்றும் என்னை நானே நொந்துகொள்கிறேன்.

ஏனெனில், நம் ஊரில் கால்பந்து ஆடும் பிள்ளைக்கு உண்மையாகவே ஓர் ஏணி இருக்கிறது. அதன் முதற்படி அந்த மூன்று மேட்ச்தான். குறுவட்டத்தில் வென்றால் மாவட்டம், மாவட்டத்திலிருந்து அடுத்த கட்டப் போட்டிகள், பிறகு மாநிலம் என்று பள்ளிகளுக்கான பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகள் படிப்படியாக மேலே போகின்றன. 1960 முதல் நடந்துவரும் சுப்ரதோ கோப்பையும் பள்ளி அணிகளுக்கானது. எவ்வளவு பெரிய பயிற்சி மையமாக இருந்தாலும் பள்ளியின் பெயரில் இறங்காத பையன் அதில் கால் வைக்க முடியாது. முதலமைச்சர் கோப்பையில் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் தனித்தனிப் பிரிவு இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11ஆம் வகுப்புகளுக்குத் தேர்வு நடக்கிறது. தேர்வானால் உணவு, தங்குமிடம், பயிற்சி எல்லாம் அரசுச் செலவு. இவற்றில் ஒன்றைக்கூட எனக்கு நோட்டீஸ் சொல்லவில்லை, பதினெட்டாயிரம் வாங்கியவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், ஆணையத்தின் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு ஒரு முறை போய்வர ஆகும் பெட்ரோல் செலவோடு காரியம் முடிந்திருக்கும். ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை ஆட்டங்கள் நடந்தபோது ஊரே அங்கே திரண்டு போனது. மற்ற நாட்களில் அந்த வளாகத்துக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டறிய என்னைப் போன்றவர்களுக்குத் தோன்றுவதில்லை.

வெளியூர்ப் போட்டியிலிருந்து மகன் ஒரு பதக்கமும் பொன்னிற ஓரமிட்ட சான்றிதழும் கொண்டுவந்தான். கல்லூரி ஒன்றில் உடற்கல்வி இயக்குநராக இருக்கும் என் மனைவியின் அண்ணனிடம் அதைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போட்டியை நடத்தியவர் யார், அங்கீகாரம் கொடுத்தவர் யார் என்று சான்றிதழின் கீழ்ப்பகுதியை மட்டும் படித்தார். 'பிரேம் போட்டு மாட்டிக்கங்க மாப்ள, அதுக்கு மேல இதுக்கு வேலை இல்ல' என்றார். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் இருக்கின்றன; அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. இரண்டிலும் மதிப்புப் பெறுவது அங்கீகரிக்கப்பட்ட சங்கமோ கூட்டமைப்போ பள்ளிக் கல்வித் துறையோ நடத்திய போட்டியின் சான்றிதழ்தான். பணம் கட்டியவர்களை எல்லாம் சேர்த்துக்கொள்ளும் போட்டிக்குத் 'தேசிய' என்று பெயர் வைப்பதற்கு அச்சகத்தைத் தவிர வேறு யாருடைய அனுமதியும் தேவைப்படுவதில்லை.

பதிவு விஷயமும் இதே கதைதான். இந்தியாவில் கிளப் ஆட்டக்காரர்கள் கூட்டமைப்பின் இணையவழிப் பதிவு முறையில் ஒரு கிளப்பின் பெயரில் பதிவாகி, அதற்கான எண்ணைப் பெற்றிருக்க வேண்டும். மையம் எங்களுக்குக் கொடுத்த 'பதிவு எண்' அதன் சொந்த வருகைப் பதிவேட்டின் எண் என்பது எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. நிர்வாகியிடம் கேட்டபோது, 'அடுத்த சீசன்ல போட்டுக்கலாம் சார்' என்றார். இது சின்ன விஷயமல்ல. உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவின் விதிப்படி, ஒரு பையன் 12 வயது முதல் 21 வயது வரை எந்தெந்த கிளப்பில் வளர்ந்தான் என்ற பதிவை வைத்துத்தான், அவன் பிற்காலத்தில் தொழில்முறை ஒப்பந்தம் செய்யும்போது வளர்த்த கிளப்புகளுக்கு இழப்பீடு கணக்கிடப்படுகிறது. தான் வளர்க்கும் பையன் உச்சிக்குப் போவான் என்று நம்பும் நிறுவனம், தனக்கே லாபம் தரும் பதிவைத் தள்ளிப்போடுமா என்று எண்ணிப் பார்த்தேன்.

மூன்றாம் படியான அமெரிக்கக் கல்லூரிக்கு வருகிறேன். அதற்கென ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டல் அறையில் கூட்டம் வைத்து, வடை காப்பியுடன் படம் போட்டுக் காட்டினார்கள். டல்லாஸில் இருக்கும் என் தங்கையிடம் அன்றிரவே விசாரித்தேன். அவள் மகனும் இதே வயதில் கால்பந்து ஆடுகிறான். அங்கே பள்ளி அணியின் பருவம் ஜனவரியில் தொடங்கிச் சில மாதங்களில் முடிந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் ஆட வேண்டுமானால் கிளப்புக்குப் பணம் கட்டியாக வேண்டும். மேல்தட்டு இளையோர் லீகான எம்எல்எஸ் நெக்ஸ்டின் உச்சப் பிரிவில் சேர்ந்தால், பொதுவாகப் பள்ளி அணியை விட்டுவிட வேண்டும். காயம் என்று எங்கள் நிர்வாகி சொன்ன சாக்கு அங்கிருந்து இறக்குமதியானதாக இருக்கலாம். ஆனால் அங்கே பள்ளி ஆட்டத்தை விடுபவனுக்கு அதைவிடக் கடினமான லீக் ஒன்று வாரந்தோறும் காத்திருக்கிறது. இங்கே விட்டவனுக்கு என்ன காத்திருந்தது என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

கல்லூரி உதவித்தொகையின் கணக்கு இன்னும் இறுக்கமானது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பில் மூன்று பிரிவுகள் உண்டு; மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென உதவித்தொகையே தருவதில்லை. முதற்பிரிவில் ஆண்கள் அணி ஒன்றுக்கு நெடுங்காலமாக இருந்த உச்சவரம்பு 9.9 முழு உதவித்தொகை. இருபதுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்கள் அதைத்தான் பங்கு போட்டுக்கொண்டார்கள். 2025இல், வழக்கு ஒன்றின் முடிவில் வந்த புதிய உடன்படிக்கையை ஏற்ற கல்லூரிகளுக்கு அந்த வரம்பு போய், அணிக்கு 28 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. இதுபோக, பள்ளிப் படிப்பில் 16 அடிப்படைப் பாடங்களை உரிய தரத்தில் முடித்திருக்க வேண்டும். ஓட்டல் கூட்டத்தில் பந்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள், மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வடைதான் அன்று கிடைத்த முழு உதவித்தொகை.

உச்சிப்படியைப் பற்றி மையத்தை மட்டும் குறைசொல்ல மாட்டேன். அந்தப் படியே ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. 2018-19இல் ஐ-லீக் என்ற தேசிய லீகின் பட்டம் வென்று, கோயம்புத்தூரைக் களமாகக் கொண்டிருந்த சென்னை சிட்டி அணி இன்று களத்தில் இல்லை. 2014இல் தொடங்கிய பெரிய லீகான ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) 2025இல் குறித்த காலத்தில் தொடங்க முடியாமல் நின்றது. ஆனாலும் கன்னியாகுமரிக் கடற்கரையின் மைக்கேல் சூசைராஜும், 2023 டூரண்ட் கோப்பையில் கொல்கத்தாவின் மோகன் பகானுக்கு எதிராக அதே ஊர் அணியான ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலை அடித்த நந்தகுமார் சேகரும் அந்தச் சென்னை சிட்டி அணியில் ஆடிப் பெரிய லீகுக்குப் போனவர்கள்தாம். அவர்களுக்கு முந்திய தலைமுறைகளில், தென் மாவட்டப் பையன் சென்னைக்குப் போய் ரயில்வே, ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப், இந்தியன் வங்கி, வருமான வரித் துறை போன்ற அணிகளில் ஆடி, அந்த ஆட்டத்தாலேயே வேலையில் அமர்வதுதான் தொழில்முறை என்பதன் பொருளாக இருந்தது. அது இன்றும் கேவலமான வழியன்று. நோட்டீஸில் வரைந்தால் கவர்ச்சியாக இருக்காது, அவ்வளவுதான்.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எட்டுச் சிறுமியர் மூலையில் கூம்புகளுக்கு நடுவே உதவியாளரிடம் பயில்கிறார்கள்; நோட்டீஸின் ஏணியில் அவர்களில் ஒருவரின் சாயல்கூட இல்லை. இத்தனைக்கும் மதுரைக்குக் கால்பந்தில் தேசியப் பட்டம் கொண்டுவந்தது ஒரு பெண்கள் அணிதான். சேது எஃப்சி 2018-19 இந்தியப் பெண்கள் லீகை வென்றது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2017-18இலும் 2022-23இலும் தேசிய வாகையர் பட்டம் வென்றிருக்கிறது. இந்த ஊரில் பெண்ணைப் பெற்றவர்களுக்குத்தான் அடுத்த படி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதை எடுத்துச் சொல்ல மையத்தில் ஆளில்லை.

பாத்வே திட்டத்திலிருந்து இந்தப் புத்தாண்டில் விலகினோம். மீதிக் காலத்துக்கான பணத்தில் பாதி, நான்கு முறை நடந்த பிறகு வந்தது. மாதக் கட்டணப் பயிற்சியை மட்டும் தொடர்கிறோம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ளவர்களிடம் அந்த மாஸ்டருக்காகவே அந்த இடத்தைச் சொல்லியும் அனுப்புகிறேன். அதற்கு மேற்பட்ட பையன் என்றால், பள்ளி அணியில் ஆடத் தடையில்லை என்பதையும், பதிவு எந்த கிளப்பின் பெயரில், எந்தத் தேதியில் நடக்கும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுவது நல்லது.

இந்த ஆடியில் மறுபடி குறுவட்டம் வந்தது. தேதியை மாஸ்டரிடம் மகனே சொன்னானாம். அதற்கு முந்தைய மாலை அவனைப் பாதி நேரத்திலேயே ஓரமாக உட்கார வைத்து, 'நாளைக்கு அந்தப் பொட்டல்ல காத்து ஒரே பக்கமா அடிக்கும், பந்தத் தரையிலேயே வச்சு ஆடு' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நிர்வாகி அப்போது வரவேற்பறையில் புது நோட்டீஸ் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.