வேல்ஸ் நாட்டின் பழைய செய்தித்தாள் இணையச் சேவை: மேர்தர் டிட்வில் தொகுதியை முன்வைத்து ஒரு மதிப்பீடு

அபெரிஸ்ட்வித் நகரிலுள்ள வேல்ஸ் தேசிய நூலகம் ‘வெல்ஷ் நியூஸ்பேப்பர்ஸ் ஒன்லைன்’ என்ற பெயரில் நடத்தும் இணையச் சேவையில், 1919 ஆம் ஆண்டு வரையான வேல்ஸ் செய்தித்தாள்களின் சுமார் 11 இலட்சம் பக்கங்கள் கட்டணமின்றி வாசிக்கக் கிடைக்கின்றன. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பிப்பவன் என்ற முறையில், இன்று இல்லாமற்போன ஒரு பிரித்தானியத் தொகுதியின் தேர்தல் வரலாற்றை மாணவர்களுக்குத் தெளிவாக எடுத்துரைக்க இச்சேவை எவ்வளவு உதவும் என்பதை அறிய விரும்பினேன். அதற்கு நான் தெரிவுசெய்தது 1832 முதல் 1918 வரை நிலவிய மேர்தர் டிட்வில் தொகுதி. இரும்பாலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நிறைந்த தென்வேல்ஸ் பகுதி அது.

அத்தொகுதியின் முடிவுகளை அட்டவணையாகப் பெறுவது கடினமன்று. முதல் உறுப்பினர் டௌலாய்ஸ் இரும்பாலையின் அதிபர் ஜோன் கெஸ்ட். அவர் 1852 இல் இறந்தபின் ஹென்றி புரூஸ். 1868 இல் தொகுதி இரண்டு உறுப்பினர் தொகுதியாகிறது. ஆனால் 1868 இன் வரிசையில் ஹென்றி ரிச்சர்ட் 11,683, ரிச்சர்ட் ஃபொதர்கில் 7,439, புரூஸ் 5,776 என்று இருப்பதை மட்டும் பார்ப்பவருக்கு, பதினாறு ஆண்டுகள் உறுப்பினராக இருந்த ஒருவர் ஏன் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார் என்பது விளங்காது. 1867 ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் வாக்காளர் தொகையை ஏறத்தாழ 1,400 இலிருந்து 14,577 ஆக உயர்த்தியிருந்தது. புதிதாக வாக்குரிமை பெற்றவர்களில் பெரும்பாலோர் தொழிலாளர்கள். சுரங்கங்களில் ஒரே நாளில் இரு குழுவினர் மாறிமாறி வேலை செய்யும் இரட்டை முறைமாற்ற வேலையைப் புகுத்தும் முயற்சியும் இரகசிய வாக்கெடுப்புக் கோரிக்கையும் அவர்களுடைய கூட்டங்களில் முன்னின்ற விடயங்களாக இருந்தன. சமாதானச் சங்கத்தின் செயலாளராகவும் அங்கிலிக்கன் சாராத திருச்சபையாரின் குரலாகவும் விளங்கிய ரிச்சர்டுக்கு, பதிவான வாக்காளரில் ஐந்தில் நால்வர் வாக்களித்தனர். இந்தப் பின்னணியை அக்காலத்து மேர்தர், அபர்டேர், கார்டிஃப் பத்திரிகைகளில் வாரம் வாரமாகத் தொடர்ந்து வாசிக்கலாம் என்பதே இச்சேவையின் முதற் பெறுமதி.

அமைப்பைப் பொறுத்தவரை, பக்கங்களை வெறும் படங்களாகக் குவித்து வைக்காமல் ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியாக வகுத்திருப்பதை நான் மிகவும் மெச்சுகிறேன். தேடும் சொல்லை இட்டதும், அது வரும் செய்தி மட்டும் பக்கத்தில் குறித்துக் காட்டப்படுகிறது. அருகில் அதன் எழுத்து வடிவமும் தெரிகிறது. காலம், மாவட்டம், மொழி, பத்திரிகை என்பவற்றால் முடிவுகளைச் சுருக்கிக்கொள்ளலாம். செய்தி, விளம்பரம், குடும்ப அறிவித்தல், விரிவான பட்டியல்கள் என்ற வகைப்பிரிவும் உண்டு. தேர்தலைத் தேடுவோர் விளம்பரப் பிரிவை அலட்சியம் செய்யக் கூடாது. வேட்பாளர் தம் வாக்காளருக்கு விடுத்த வேண்டுகோள்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பாலும் கட்டண விளம்பரமாகவே அச்சாகின. மருந்துப் புட்டிக்கும் ஏல அறிவித்தலுக்கும் நடுவில், ‘கனவான்களே’ என்று தொடங்கும் ஒரு நீண்ட பத்தியாக அவை கிடக்கும். செய்திப் பிரிவை மட்டும் பார்ப்பவர் இவற்றை முற்றிலும் தவறவிடுவார்.

இரண்டு உறுப்பினர் தொகுதியை மாணவருக்கு விளக்குவதற்கு 1900 ஆம் ஆண்டே மிகப் பொருத்தமானது. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். இரண்டையும் இருவருக்கு அளிக்கலாம், அல்லது ஒன்றை மட்டும் அளித்து மற்றதை விட்டுவிடலாம். லிபரல் கட்சியினரான டி. ஏ. தோமஸும் பிரிச்சர்ட் மோர்கனும் ஏற்கெனவே உறுப்பினர்கள். இருவரும் 1888 இல் வெவ்வேறு இடைத்தேர்தல்களில் வந்தவர்கள். தொழிற்கட்சித் தரப்பிலிருந்து கெயர் ஹார்டி மூன்றாமவராக நின்றார். முடிவு: தோமஸ் 8,598, ஹார்டி 5,745, மோர்கன் 4,004. தோமஸை விரும்பியவர்களில் கணிசமானோர் தம் இரண்டாவது வாக்கைச் சக லிபரலான மோர்கனுக்குக் கொடுக்காமல் ஹார்டிக்குக் கொடுத்ததால் விளைந்த முடிவு இது. இலங்கைத் தேர்தல்களில் ஒரே கட்சிப் பட்டியலில் நிற்பவர்கள் விருப்பு வாக்குக்காக ஒருவரை ஒருவர் முந்த முயல்வதை நன்கறிந்த நம் மாணவருக்கு இதை நெடுநேரம் விளக்க வேண்டியதில்லை. விளக்க வேண்டியது வேறொன்று: அக்காலத்தில் எல்லாத் தொகுதிகளிலும் ஒரே நாளில் வாக்கெடுப்பு நடைபெறவில்லை. ஆகவேதான் ஹார்டி இங்கிலாந்தின் பிரெஸ்டனிலும் மேர்தரிலும் ஒருசேரப் போட்டியிட்டு, அங்கே தோற்றபின் இங்கே வென்று நாடாளுமன்றம் செல்ல முடிந்தது. மேர்தரில் அவர் பிரசாரம் செய்த நேரம் மிகச் சொற்பம். தென்னாபிரிக்காவில் அப்போது நடந்த போவர் யுத்தத்தைப் பற்றிய தர்க்கமும், 1898 இல் மாதக்கணக்காக நீடித்த நிலக்கரிச் சுரங்கக் கதவடைப்பின் மனக்காயமும் அவருக்காக ஏற்கெனவே வேலை செய்திருந்தன. பெருஞ்சுரங்க முதலாளியான தோமஸும் சிறுவயதிலேயே சுரங்கத் தொழிலாளியான ஹார்டியும் ஒரே தொகுதியின் இரு உறுப்பினர்களாகப் பத்தாண்டு அமர்ந்திருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் உண்மை.

ஹார்டி 1915 செப்டெம்பரில் இறந்தார். நவம்பர் இடைத்தேர்தலில், தொழிற்கட்சியின் உத்தியோகபூர்வ வேட்பாளரான ஜேம்ஸ் வின்ஸ்டனை, முதலாம் உலக யுத்தத்தை முழுமூச்சாக ஆதரித்த சார்ள்ஸ் ஸ்டான்டன் 10,286 க்கு 6,080 என்ற வாக்குகளால் வென்றார். யுத்தத்தை எதிர்த்த ஹார்டியின் ஆசனம் இவ்வாறு கைமாறியதை, மேர்தரில் வெளிவந்த ‘பயனியர்’ என்ற சோசலிசப் பத்திரிகையையும் ‘அபர்டேர் லீடர்’ பத்திரிகையையும் அருகருகே வைத்து வாசிப்பது மிகுந்த பயன் தரும்.

குறைகளும் உண்டு. பழைய அச்சை இயந்திரம் வாசிக்கும் எவ்விடத்திலும் எழுத்துப் பிழைகள் தவிர்க்க முடியாதவை. எனவே ஒரு பெயரைப் பல எழுத்துக்கூட்டல்களில் தேடுவதும், எழுத்து வடிவத்தை மட்டும் நம்பாமல் பக்கப் படத்தோடு ஒப்பிடுவதும் அவசியம், குறிப்பாக வாக்கு எண்ணிக்கைகளில். கைப்பேசியின் சிறு திரையில் அகன்ற பத்திரிகைப் பக்கத்தை நகர்த்தி வாசிப்பது சிரமம், கணினியே ஏற்றது. வெல்ஷ் மொழி அறியாதவருக்கு, அபர்டேரிலிருந்து வெளிவந்த ‘தாரியன் அ க்வெய்த்தியுர்’ போன்ற தொழிலாளர் பத்திரிகைகளின் உள்ளடக்கம் எட்டாமற் போய்விடுகிறது. தொழிலாளர் தம் சொந்த மொழியில் வாதிட்ட இடம் அதுவாகையால் இந்த இழப்பு பெரிது. 1919 உடன் தொகுப்பு நின்றுவிடுவது இத்தொகுதிக்குத் தடையாகவில்லை. ஆனால் அதே ஊரில் 1970 இல் தொழிற்கட்சி கைவிட்ட எஸ். ஓ. டேவிஸ் தனித்து நின்று வென்ற கதையை அறிய வேறிடம் செல்ல வேண்டும்.

இவ்வளவு நேர்த்தியாகச் செய்திவாரியாகப் பிரித்துத் தேடக்கூடிய ஏற்பாடு எங்கள் பத்திரிகைகளுக்கும் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். 1931 இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் அழைப்பையேற்று வடக்கின் நான்கு தொகுதிகள் அன்றைய இலங்கைச் சட்டமன்றமான அரசுச் சபைக்கான தேர்தலைப் பகிஷ்கரித்ததையும், 1934 இல் அவ்விடங்கள் நிரப்பப்பட்டதையும், ‘இந்துசாதனம்’ போன்ற பத்திரிகைகளின் பக்கங்களில் இதே வசதியோடு தேடி வாசிக்க முடிந்தால், பாடப்புத்தகத்தின் இரண்டு வரிகளுக்கு அப்பாலும் மாணவர் செல்வர்.

புதிதாக இச்சேவையைத் திறப்பவர் 1900 செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களை மட்டும் தெரிவுசெய்து, மொழியை ஆங்கிலம் எனக் குறித்து, ‘கார்டிஃப் டைம்ஸ்’ வார இதழிலிருந்து தொடங்கட்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி இணைய முகவரி இருப்பதால், வாசித்ததைக் குறித்து வைத்து வகுப்பில் மீண்டும் திறந்து காட்டுவது எளிது.